விற்பனைக்கு அல்ல, மாற்றிக்கொள்ள மட்டும்!

தீப்பெட்டிப் படங்களையும் தபால் தலைகளையும் சிறு வயதில் மாற்றிக்கொண்டது நம்மில் பலருக்கும் நினைவிருக்கும். பேரம் பலமாக நடக்கும். ஆனால் காசு நடுவில் வராது. அதே பழக்கம் இன்று பெரியவர்களிடையே ஒரு கலையாக வளர்ந்திருக்கிறது.

சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் வான்சி ஸ்டிர்னிமன் என்ற கலைஞர், தம் கையால் செய்த 1,200 சிறு அட்டைகளை 1997ல் காட்சிக்கு வைத்தார். கடைசி நாளன்று, விரும்பியவர்கள் தாங்களும் அட்டை செய்து வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று அழைத்தார். அளவு 64க்கு 89 மில்லிமீட்டர். விதி ஒன்றே: விற்கக் கூடாது. காகிதத்தில் மட்டுமல்ல, பாலிமர் களிமண்ணிலும் இத்தகைய அட்டைகளையும், ஓர் அங்குலச் சதுரத் துண்டுகளையும் செய்து மாற்றிக்கொள்கிறார்கள்.

பெயர்தான் களிமண், அதில் மண் கிடையாது! பி.வி.சி. பிளாஸ்டிக்குடன், அதை இளக வைக்கும் எண்ணெய் போன்ற பொருளும் வண்ணமும் சேர்ந்த கலவை அது. ரயில்வேயில் நான் கையாண்ட மின்கம்பிகள் பலவற்றின் மேலுறையும் இதே பி.வி.சி.தான். ஜெர்மனியின் புகழ்பெற்ற பொம்மைக் கலைஞர் கேத்தே குரூசேயின் மகள் ஃபிஃபி உருவாக்கிய இத்தகைய கலவையை, 1964ல் எபர்ஹார்ட் ஃபேபர் நிறுவனம் வாங்கியது. அதுவே ‘ஃபிமோ’ என்ற பெயரில் கடைக்கு வந்தது.

இதில் ஒரு அழகான உத்தி உண்டு. பல வண்ண இழைகளை அடுக்கி, குறுக்கே வெட்டினால் பூ தெரியும்படி ஒரு தண்டு செய்கிறார்கள். அதை நாலாபுறமும் சீராக அழுத்தி நீட்டினால் தண்டு மெலியும். பூவும் சிறுக்கும், உருவம் மாறாது. கணக்கு எளிது: விட்டம் பாதியானால் நீளம் நான்கு மடங்கு. 5 சென்டிமீட்டர் விட்டமும் 8 சென்டிமீட்டர் நீளமும் உள்ள தண்டு, விட்டம் பாதியாகும்போது 32 சென்டிமீட்டராக நீளும். 3 மில்லிமீட்டர் கனத்தில் நறுக்கினால், சிதைந்த ஓரங்களைக் கழித்தாலும் 80 வில்லைகளாவது தேறும். மாற்றிக்கொள்வதற்கென்றே அமைந்த உத்தி!

சுடுவதில்தான் கவனம் தேவை. இது காற்றில் உலராது. மின் அடுப்பில் 110 முதல் 130 டிகிரி செல்சியஸ் வரை, உறையில் குறிப்பிட்டபடி சுட வேண்டும். சூடு மிகுந்து கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். அடுப்பின் முள்ளை நம்பாமல் தனி வெப்பமானி வைப்பது நல்லது. இதற்குப் பயன்பட்ட தட்டும் கத்தியும் மீண்டும் சமையலறைக்குப் போகக் கூடாது.

பத்துப் பேர் சேர்ந்தால் ஆளுக்குப் பத்துத் துண்டுகள் செய்து ஒருவரிடம் அனுப்புவார்கள். அவர் கலந்து, எல்லாருடையதிலும் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்புவார். தேர்ந்த கலைஞரின் துண்டும் நேற்றுத் தொடங்கியவரின் துண்டும் இங்கே ஒன்றுக்கு ஒன்று. விலை என்று வந்தால் கற்றுக்குட்டியின் துண்டை யார் தொடுவார்கள்? எண்ணிக்கை மட்டுமே கணக்கு என்பதால் அவரும் கூச்சமின்றிப் பந்தியில் உட்காருகிறார். அதேசமயம், தம் பத்தாவது துண்டும் முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போகிறதே என்று தேர்ந்தவரும் அசட்டையாக இருக்க முடியாது. காசை விலக்கி வைத்ததால் கிடைத்த மரியாதை இது.

நவராத்திரிக்கு முன் நம் சங்கத்துக் குடும்பங்களில் பத்துப் பேர் முன்வந்தால், கொலுப்படிக்குச் சின்னஞ்சிறு பொம்மைகளை இப்படி மாற்றிக்கொள்ளலாம். அடுப்பையும் வெப்பமானியையும் கவனித்துக்கொள்ள அடியேன் தயார்!