செக் டிஸ்க் அப்படியே நிக்குதா? பிளக்கைப் பிடுங்கும் முன் இதைப் படிங்க!

கம்ப்யூட்டரை ஆன் செய்தால் டெஸ்க்டாப் வராமல் டிரைவை ஸ்கேன் செய்வதாகக் காட்டி, சதவீதம் நகராமல் நிற்கிறதா? பதற வேண்டாம். பெரும்பாலும் அது நிற்கவில்லை, மெதுவாக ஓடிக்கொண்டிருக்கிறது.

ஏன் வருகிறது?

ஃபைல் எழுதும்போது கரண்ட் போனாலோ, ஷட் டவுன் செய்யாமல் அணைத்தாலோ, எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கு குழம்பிவிடும். அதைச் சரிசெய்யத்தான் விண்டோஸ் அடுத்த முறை செக் டிஸ்க்கை தானாக ஓட்டுகிறது. டிஸ்க் பழுதானாலும் இது வரலாம்.

ஏன் இவ்வளவு நேரம்?

கணக்கை மட்டும் பார்த்தால் சில நிமிடங்களில் முடியலாம். பழுதான செக்டர்களையும் தேடும் முழுச் சோதனை என்றால் டிஸ்க் முழுவதையும் படிக்க வேண்டும். 1 டிபி ஹார்ட் டிஸ்க்கை விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் படித்தாலே கிட்டத்தட்ட 3 மணி நேரம் ஆகும். பழுதான இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்ப்பதால் இன்னும் இழுக்கும்.

எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்?

டிஸ்க் லைட் மினுங்கினால் இரவு முழுக்க விட்டுவிடுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரில் இருக்கட்டும். நடுவில் அணைத்தால் பாதி திருத்திய கணக்கு மேலும் கெடலாம். காலையிலும் அதே எண், லைட்டிலும் அசைவில்லை என்றால் மட்டும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்கலாம். மறுபடி ஆன் செய்யும்போது, சோதனை தொடங்கும் முன் கிடைக்கும் சில விநாடிகளில் ஏதாவது ஒரு கீயைத் தட்டினால் சோதனை தவிர்க்கப்படும்.

முதலில் காப்பி, பிறகு ரிப்பேர்

விண்டோஸ் திறந்ததும் முதல் வேலை, போட்டோ, ஆவணங்களை வேறு டிரைவுக்கு காப்பி செய்வதுதான். செக் டிஸ்க் உங்கள் ஃபைல்களைக் காப்பாற்றும் கருவி அல்ல. டிரைவின் கணக்கை ஒழுங்குபடுத்துவதே அதன் வேலை. அப்போது சேதமான ஃபைல்கள் துண்டு துண்டாகிப் போகவும் கூடும்.

விண்டோஸ் திறக்கவே இல்லையா? டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி கேஸில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் காப்பி செய்யலாம். அங்கே 'ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்' என்று கேட்டால் இப்போதைக்கு வேண்டாம்.

இந்தச் சத்தம் கேட்டால் உஷார்!

ஹார்ட் டிஸ்க்கில் 'டக் டக்' என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். சோதனை ஓட ஓட மிச்சமிருக்கும் ஃபைல்களும் போகலாம். முக்கியமான ஃபைல்கள் இருந்தால் டேட்டா ரெக்கவரி நிபுணரிடம் கொடுப்பதே நல்லது. எஸ்எஸ்டியில் இந்தச் சத்தம்கூட வராது. திடீரென காணாமல் போகலாம்.

காப்பி எடுத்த பிறகும் ஒவ்வொரு முறையும் செக் டிஸ்க் வருகிறதா? டெஸ்க்டாப் என்றால் கேபிள் லூஸாக இருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தும் தொடர்ந்தால், அந்த டிஸ்க்கை நம்ப வேண்டாம், மாற்றிவிடுங்கள்.