வேகத்தை விழுங்கிய 4 கம்பி!
கல்யாண வீடியோவை மாடிக்கு ஏற்ற 5 மணி நேரம்: ஸ்டூடியோக்காரர் பட்ட பாடு

திண்டுக்கல்,

கீழ் வீட்டு கம்ப்யூட்டரில் இருந்து மாடி கம்ப்யூட்டருக்கு ஒரு கல்யாண வீடியோவை மாற்ற 5 மணி நேரம். நடந்து போனால் 18 படிதான்!

நாகல்நகரில் வீட்டிலேயே ஸ்டூடியோ நடத்தும் ஒருவர் பட்ட பாடு இது. திருட்டு, அடிதடி என்று போலீஸ் நிலையங்களுக்கு அலையும் எனக்கு இது புது மாதிரி கேஸ். இதிலும் ஒரு திருடன் இருந்தான். அவனைப் பிடிக்க 2 நாள் ஆயிற்று.

விவரம் வருமாறு:-

முகூர்த்த மாதம் வந்தால் அவருக்கு மூச்சு விட நேரம் கிடையாது. 2 கேமரா, தலைக்கு மேலே ஒரு டிரோன். ஒரு கல்யாணம் முடிந்தால் 200 ஜி.பி. சேர்ந்து விடும். கார்டுகளை கீழே உள்ள கம்ப்யூட்டரில் இறக்குவார். எடிட்டிங் வேலை மாடியில். இரண்டு கம்ப்யூட்டரின் வயரும் டி.வி.க்குப் பின்னால் உள்ள இன்டர்நெட் பெட்டியில் வந்து சேருகின்றன.

ராத்திரி 10 மணிக்கு காப்பி போட்டால் முடிய விடியற்காலை 3 மணி. நடுவில் கரண்ட் போனால் மறுபடியும் உட்கார வேண்டும். காலையில் பெண் வீட்டாரிடம் இருந்து போன் மேல் போன்.

"தம்பி, மாசா மாசம் கூடப் பணம் கட்டி நெட் பிளானை 100-ல இருந்து 300-க்கு மாத்திட்டேன். அப்பவும் ஆமை மாதிரிதான் ஊருது" என்றார், பாவமாக.

அணை நிரம்பி என்ன பயன்?

அந்தப் பணம் வீண். பிளானுக்கும் இந்தக் காப்பிக்கும் சம்பந்தமே இல்லை. பைல் வீட்டை விட்டு வெளியே போகவில்லையே! கீழே கிளம்பி, பெட்டிக்கு வந்து, மாடிக்கு ஏறுகிறது. அவ்வளவுதான்.

தண்ணீருக்கு அலைந்த திண்டுக்கல்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மாடித் தொட்டியில் தண்ணீர் இருந்தும் சமையல்கட்டுக் குழாயில் சொட்டுச் சொட்டாக வருகிறது. ஆத்தூர் காமராஜர் அணை நிரம்பினால் அது சரியாகுமா? அடைப்பு வீட்டுக் குழாயில் அல்லவா இருக்கிறது!

திரையில் தெரிந்த தடயம்

முதல் தடயம் கம்ப்யூட்டர் திரையிலேயே கிடைத்தது. காப்பி ஓடும்போது வினாடிக்கு 11 மெகாபைட் என்று காட்டியது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆணி அடித்த மாதிரி 11.

8 பிட் சேர்ந்தால் 1 பைட். வயரின் வேகத்தை பிட்டில் சொல்வார்கள். காப்பி ஓடும் வேகத்தை கம்ப்யூட்டர் பைட்டில் காட்டும். பலரும் குழம்புவது இங்கேதான். 100 மெகாபிட்டை 8-ஆல் வகுத்தால் பன்னிரண்டரை மெகாபைட். வழிச்செலவு போக கைக்கு வருவது 11 சொச்சம். அப்படியானால் எங்கோ ஓர் இடத்தில் பாதை 100-ல் நிற்கிறது என்று அர்த்தம்.

இத்தனைக்கும் இரண்டு கம்ப்யூட்டரும் 1000 மெகாபிட் தாங்கக் கூடியவை. அந்த வேகத்தில் ஓடினால் வினாடிக்கு 110 மெகாபைட் வரும். 5 மணி நேர வேலை அரை மணியில் தீர்ந்து விடும்.

முதலில் பெட்டியைத் திருப்பிப் பார்த்தோம். பின்னால் வயர் சொருக 4 துளை. ஒன்றில் மட்டும் "ஜி.இ." என்று எழுதி இருந்தது. மற்ற மூன்றிலும் "எப்.இ." முன்னது 1000, பின்னது 100! வீடுகளில் மாட்டும் பைபர் பெட்டிகள் பலவற்றில் இதே கதைதான். யாரும் சொல்வது இல்லை. நாமும் கேட்பது இல்லை.

அன்று மாலையே அண்ணன் கடைக்குப் போய் ஒரு ஜிகாபிட் சுவிட்ச் வாங்கி வந்தார். விலை ஆயிரத்து சொச்சம். இரண்டு வயரையும் அதில் சொருகி, காப்பி போட்டோம்.

மறுபடியும் 11!

"ஆயிரம் ரூவா போச்சே தம்பி..." என்று தலையில் கை வைத்து உட்கார்ந்து விட்டார். எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. யோசனை சொன்னவன் நான் அல்லவா?

மாடிப்படியில் சிக்கினான்

மறுநாள் ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் தனித்தனியே "விசாரித்தோம்." விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க், அதில் ஈதர்நெட் என்று போனால் "லிங்க் ஸ்பீட்" என்று ஒரு வரி இருக்கும். கீழ் வீட்டில் 1000. மாடியில் 100. ஆக, ஆள் மாடிக்குப் போகும் வயரில்தான் ஒளிந்திருக்கிறான்.

இந்த ஈதர்நெட் முறை 1973-ல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்தது. ராபர்ட் மெட்காப், டேவிட் போக்ஸ் என்ற இருவர் உருவாக்கியது. அன்று அதன் வேகம் 3 மெகாபிட்டுக்கும் கொஞ்சம் குறைவு. இன்று நம் வீட்டு வயருக்குள் 8 கம்பி. இரண்டிரண்டாக முறுக்கி 4 ஜோடி. 100 மெகாபிட்டுக்கு அதில் 4 கம்பி போதும். 1999-ல் வந்த 1000 மெகாபிட் முறைக்கு எட்டும் வேண்டும். ஒன்று போனாலும் பெரும்பாலும் சத்தம் போடாமல் 100-க்கு இறங்கி விடும். நெட் வரும், படம் ஓடும். யாருக்கும் சந்தேகம் வராது.

மாடிப்படிக்கு அடியில் வயரின் தோல் உரிந்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் 4 கம்பி மட்டும் மாடிக்குப் போகிறது. மற்ற 4 கம்பி? வாசல் கேமராவுக்கு!

வீட்டுக்கு வயரிங் பார்த்த ஆள் ஒரே வயரில் இரண்டு வேலையை முடித்து விட்டுப் போயிருக்கிறார். அவர் மிச்சம் பிடித்தது 20 மீட்டர் வயர். குற்றம் என்று சொல்ல முடியாது, 100-க்கு அது போதும். ஆனால் ஒரு வார்த்தை சொல்லி இருக்கலாம்.

புதிதாக "கேட்-6" வயர் இழுத்தோம். கடையில் "சி.சி.ஏ." என்று விலை குறைந்த சரக்கு ஒன்றை நீட்டுவார்கள். அது அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது, மடக்கினால் முறியும். முழுச் செம்பு என்று கேட்டு வாங்க வேண்டும். 100 மீட்டர் வரை இழுக்கலாம், வேகம் குறையாது.

எட்டுக் கம்பியும் சேர்ந்ததும் திரையில் 112!

வைபை வைத்திருப்பவர்களுக்கு

இரண்டு கம்ப்யூட்டரும் வைபையில் இருந்தால் ஒவ்வொரு பைலும் பெட்டிக்கு ஒரு தடவை, பெட்டியில் இருந்து ஒரு தடவை என்று காற்றில் இரண்டு முறை போக வேண்டும். வேகம் பாதியாகும். ஒன்றையாவது வயரில் மாட்டினால் நல்லது. 2.4 என்ற அலைவரிசையில் பக்கத்து வீட்டுக் கூட்டமும் சேரும். ஒரே அறை என்றால் 5 நல்லது, ஆனால் சுவரைத் தாண்டினால் அது சோர்ந்து விடும்.

போட்டோக்காரர்களுக்கு இன்னொன்று. ஆயிரக்கணக்கில் குட்டிக் குட்டி பைல்களை அனுப்பினால் நல்ல வயரிலும் திணறும். ஒரே "ஜிப்" மூட்டையாகக் கட்டி அனுப்பினால் கடகடவென்று போகும்.

அண்ணன் நெட் பிளானை பழையபடி 100-க்கே இறக்கி விட்டார். வாசல் கேமராவுக்குத் தனி வயர் போட்டாயிற்று. அதற்கு 4 கம்பி போதும். மீதி 4 கம்பியை யாராவது தொட்டால் தெரியும் சேதி என்று வீட்டில் உத்தரவு போட்டிருக்கிறார்.