ஆம்பூர் பெட்டியும் ஆளில்லாப் படகும்

"ஆளே இல்லாம படகு எப்படி சார் போகும்? எங்கயோ ஒருத்தர் உட்கார்ந்து ரிமோட்ல ஓட்டுவாரு, அதானே?" ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்க்கும் பாய், டீ வருவதற்குள் கேட்டுவிட்டார்.

"பாதி சரி பாய்" என்றேன். மீதிப் பாதிதான் பெரிய கதை.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. 2023 கடைசியில் ஏமனின் ஹூத்திகள் செங்கடலில் சரக்குக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினார்கள். ஐரோப்பா போகும் கப்பல்கள் பலவும் சூயஸ் கால்வாயை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. பத்து நாளுக்கு மேல் கூடுதல் பயணம், கன்டெய்னர் வாடகையும் ஏறியது. ஷூவோ சீசன் சரக்கு. குளிர்காலத்துக்குப் போக வேண்டிய பெட்டி தாமதமானால் வாங்குபவர் விலையைக் குறைக்கச் சொல்வார். அந்த போன் பேச்சையெல்லாம் பாய் தினம் கேட்டவர்.

அந்தத் தாக்குதல்களில் ஒன்று 2024 ஜூன் 12 அன்று நடந்தது. டியூட்டர் என்ற சரக்குக் கப்பலின் பின்பக்கத்தில், ஐந்து முதல் ஏழு மீட்டர் நீளமுள்ள ஆளில்லாப் படகு ஒன்று வெடிமருந்தோடு வந்து மோதியது. எஞ்சின் அறைக்குள் தண்ணீர் புகுந்தது, சில நாளில் கப்பல் மூழ்கிவிட்டது. நம் மீனவர்களின் ஃபைபர் படகு அளவுகூட இல்லாத ஒன்று அவ்வளவு பெரிய கப்பலை முடக்கியிருக்கிறது. கருங்கடலில் உக்ரைன், மகுரா என்ற ஆளில்லாப் படகுகளால் ரஷ்யப் போர்க்கப்பல்களையே மூழ்கடித்தது. அங்கே கரையில் இருப்பவர் கேமராவில் பார்த்து, செயற்கைக்கோள் இணைப்பு வழியாக ஓட்டுகிறார். பாய் சொன்ன ரிமோட் இதுதான்.

இன்னொரு வகை, தானே வழி பார்த்துப் போகும். 2024 அக்டோபர் இறுதியில் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் டெல்லியிலிருந்து காணொளி வழியே ஒரு படகின் பயணத்தைத் தொடங்கி வைத்தார். பெயர் மாதங்கி. சாகர் டிஃபன்ஸ் என்ற இந்திய நிறுவனம், கடற்படையின் ஆதரவோடு செய்தது. மும்பையிலிருந்து நம் தூத்துக்குடி வரை சுமார் 1,500 கிலோமீட்டர், மனிதத் தலையீடு இல்லாமல் போவதுதான் திட்டம்.

"சரி, எதிர்ல கப்பல் வந்தா?"

அதற்கு விதி இருக்கிறது. 1972-இல் உருவான சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகள்: நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்பக்கம் திரும்ப வேண்டும், குறுக்கே வந்தால், யாருக்கு வலப்பக்கத்தில் மற்றவர் தெரிகிறாரோ அவர் வழிவிட வேண்டும். ரேடாரும் கேமராவும் பார்த்துச் சொல்ல, கணினி இந்த விதிப்படி சுக்கானைத் திருப்பும். பெரிய கப்பல்கள் ஏ.ஐ.எஸ். என்ற கருவி மூலம் தங்கள் பெயர், இடம், வேகம் எல்லாவற்றையும் அறிவித்துக்கொண்டே போவதால் வேலை இன்னும் சுலபம்.

நம் கரையில் சிக்கல் வேறு. சிறிய ஃபைபர் படகில் ஏ.ஐ.எஸ். இருக்காது. இரும்பில் பட்டுத் திரும்புவதுபோல ஃபைபரில் ரேடார் அலை பலமாகத் திரும்பாது. கடலில் கொஞ்சம் அலை எழுந்தால் ரேடாரில் படகே மறைந்துவிடும். எஞ்சினை நிறுத்திவிட்டு வலை போட்டு மிதப்பவரிடமிருந்து வலை வெகுதூரம் நீண்டு கிடக்கும். அதன் மறுமுனையில் மிதவையில் செருகிய ஒரு கொடிக்கம்பு, இரவானால் ஒரு சின்ன விளக்கு, அவ்வளவுதான். மீன்பிடிப்பவருக்குத்தான் வழிவிட வேண்டும் என்கிறது அதே விதி. ஆனால் அங்கே வலை இருக்கிறது என்று இயந்திரத்துக்கு முதலில் தெரிய வேண்டுமே! தோல் ஷாப்பில் தரம் பிரிக்கிறவர் ஒரு தடவை தடவிப் பார்த்து, இது உண்ணிக் கடி, இது முள் கீறல் என்று சொல்வது ஆயிரக்கணக்கான தோலைத் தொட்ட கை என்பதால்தான். இயந்திரத்துக்கும் நம் கடலின் படங்கள் அப்படி ஆயிரக்கணக்கில் வேண்டும். வேறு நாட்டுக் கடலில் கற்றது இங்கே போதாது.

கண்ணிருக்கிற மனிதரே தவறினார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. 2012 பிப்ரவரியில் கேரளக் கரைக்கு அப்பால், இத்தாலியக் கப்பலில் இருந்த வீரர்கள் கடற்கொள்ளையர் என்று நினைத்து இரண்டு மீனவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். ஒருவர் குமரி மாவட்டத்துக்காரர். அதே ஆண்டு ஜூலையில் துபாய் அருகே அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று மீன்பிடிப் படகைச் சுட்டதில் ராமநாதபுரம் மாவட்ட மீனவர் ஒருவர் இறந்தார். இதைச் சொன்னபோது பாய் டீயை வைத்துவிட்டார்.

"அப்போ இது வேணாம்ங்கறீங்களா?"

வேண்டும். நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. சென்னை ரயிலில் தாண்டிப் போகும் அரக்கோணத்தில், கடற்படையின் ராஜாளி விமானத் தளம் 1992 முதல் இயங்குகிறது. குத்தகைக்கு வாங்கிய சீ கார்டியன் ஆளில்லா விமானங்கள் 2020 முதல் அங்கிருந்து இந்தியப் பெருங்கடலைக் கண்காணித்தன. 2024 செப்டம்பரில் அவற்றில் ஒன்று கோளாறாகி வங்கக் கடலில் இறங்கியது. உள்ளே ஆள் இல்லை, அதனால் உயிர்ச்சேதமும் இல்லை. கடல் கண்ணிவெடி தேடும் வேலைக்கு ஆளில்லாப் படகை அனுப்ப இந்த ஒரு காரணமே போதும். நம் கடற்படையின் கடைசிக் கண்ணிவாரிக் கப்பலான ஐ.என்.எஸ். கோழிக்கோடு 2019-இல் ஓய்வு பெற்றது. துறைமுக வாயிலில் ஒரு கண்ணி கிடந்தாலே சரக்கு நின்றுவிடும். அங்கே சோனாரோடு முதலில் போக வேண்டியது ஆளில்லாப் படகுதான். இரவு ரோந்துக்கும் அது வரட்டும்.

சுடுவது மட்டும் மனிதர் கையில் இருக்க வேண்டும். சோதனை ஓட்டத்தின் வழியும் நேரமும் ராமேஸ்வரம், தூத்துக்குடி, குளச்சல் இறங்குதளங்களில் முன்கூட்டியே தமிழில் அறிவிக்கப்பட வேண்டும். வலை எங்கே, எந்தப் பருவத்தில் கிடக்கும் என்று தெரிந்த மீனவர்களைக் கடற்படை சோதனைக் குழுவிலேயே சம்பளத்தோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.