போலித் துப்பாக்கியும் மெய்த் தோற்றமும்

விளையாட்டுப் பொருளுக்கு ஓர் இலக்கணம் உண்டு. மெய்ப்பொருளை அது நினைவூட்டல் வேண்டும். மெய்ப்பொருளென்றே பிறரை மயக்குதல் ஆகாது. குரும்பட்டியிற் செய்த தேரைச் சிறுவர் இழுத்துச் செல்லும்போது, அதனைக் கோயில் தேரென்று எவரும் மயங்குவதில்லை. பார்ப்போர் மயங்காதிருப்பதே விளையாடுவோர்க்கும் காவலாகின்றது. இந்த எல்லையைச் சிறிது சிறிதாகக் கடந்து செல்லும் விளையாட்டுக் கருவி ஒன்று இன்று பல நாடுகளிலும் பரவியுள்ளது. ‘எயார்சொப்ட்’ எனப்படும் போலித் துப்பாக்கியே அது. அதனை மாற்றியமைப்பதற்கென விற்கப்படும் உறுப்புத் தொகுதிகளும் துணைக்கருவிகளும் ஒரு தனி வாணிகமாகவே வளர்ந்துவிட்டன. அவை என்ன செய்கின்றன, அவற்றால் வரும் நன்மை தீமைகள் யாவை என்பனவற்றை மாணவரும் பெற்றோரும் அறிந்திருத்தல் நன்று.

இக்கருவியின் பிறப்பிடம் யப்பான். அந்நாட்டின் 1958 ஆம் ஆண்டுச் சட்டம், பொதுமக்கள் துப்பாக்கி வைத்திருப்பதை மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. ஆயினும் அதன் பொறியமைப்பில் ஆர்வங் கொண்டோர்க்குக் குறைவில்லை. அவர்களுக்காக உலோக மாதிரிகள் பெருகின. அவை குற்றச் செயல்களுக்குப் பயன்படலாகாது என்பதற்காக, உலோக மாதிரிக் கைத்துப்பாக்கிகளின் குழாயை அடைத்துவிட வேண்டும் என்றும், அவற்றுக்கு வெள்ளை அல்லது மஞ்சள் நிறம் பூச வேண்டும் என்றும் 1971 இல் விதிக்கப்பட்டது. பிளாஸ்டிக் உருண்டைகளை எறியும் எயார்சொப்ட் தோன்றியது அந்தப் பத்தாண்டிலேயே. 1965 இல் நிறுவப்பெற்ற டோக்கியோ மருயி என்னும் நிறுவனம் இத்துறையில் முன்னணியில் நிற்பது. அதன் கைத்துப்பாக்கிகளின் மேற்பகுதியும் சட்டகமும் பிளாஸ்டிக்காலேயே ஆனவை. உலோகத்திற் செய்தால் மேற்கூறிய விதி குறுக்கே நிற்கும்.

உள்ளே நடப்பது என்ன?

இவற்றுள் ‘காஸ் புளோபாக்’ எனப்படும் வகையே பொறியியல் நயம் மிக்கது. கைப்பிடியினுள் செருகப்படும் மகசினில் உருண்டைகளும் திரவமாக்கப்பட்ட வாயுவும் இருக்கும். விசையை இழுத்தவுடன் சுத்தியல் விழுந்து வால்வைத் திறக்கின்றது. வெளிப்படும் வாயு முதலில் உருண்டையைக் குழாயின் வழியே தள்ளுகின்றது. அடுத்த கணமே சிறு வால்வொன்று வழியை மாற்ற, எஞ்சிய வாயு ‘ஸ்லைட்’ எனப்படும் மேற்பகுதியைப் பின்னே உதைக்கின்றது. பின்னுதைத்த ஸ்லைட்டை ஒரு சுருள்வில் முன்னே கொணர, அடுத்த உருண்டை குழாய்வாயில் வந்து அமர்கின்றது. குழாயின் தொடக்கத்தில் உள்ள இறப்பர்த் துண்டு உருண்டையின் மேற்புறத்தைத் தடவி, அதனைப் பின்னோக்கிச் சுழல வைக்கும். அச்சுழற்சியால் எழும் மேலுதைப்பு உருண்டையை நெடுந்தூரம் தாழாது செல்லச் செய்கின்றது.

இவ்வளவும் வாயுவின் அமுக்கத்தைப் பொறுத்தவை. 20 பாகை வெப்பநிலையில் எச்.எப்.சி. 134ஏ என்னும் வாயு வளிமண்டல அமுக்கத்தைப் போல ஏறத்தாழ 6 மடங்கு அமுக்கந் தரும். புரொப்பேன் 8 மடங்கு தரும். சிறு உருக்குக் குப்பியில் அடைத்த காபனீரொட்சைட்டு 55 மடங்குக்கும் மேல் தரும். விரைந்து பலமுறை சுட்டால், திரவம் ஆவியாகும்போது மறைவெப்பத்தை இழந்து மகசின் குளிர்ந்துவிடும். ஊசி போடுமுன் தாதி பூசும் ஸ்பிரிட்டு நம் தோலைக் குளிர்விப்பதும் இவ்வாறே. மகசின் குளிர்ந்தால் அமுக்கம் குறையும், கருவி சோர்ந்துபோகும்.

ஒன்றைத் தொட்டால் ஒன்பது

மாற்றுத் தொகுதிகளுள் முதலாவது உலோக ஸ்லைட்டும் சட்டகமும். பிளாஸ்டிக்கை அகற்றிவிட்டு அலுமினியத்திற் கடைந்தவற்றைப் பொருத்துவர். ஹொங்கொங், தாய்வான் ஆகிய இடங்களின் உற்பத்தியாளர் இவற்றை ஏராளமாகச் செய்கின்றனர். டோக்கியோ மருயியின் ‘ஹைகப்பா’ என்னும் மாதிரிக்குக் கிடைக்கும் உறுப்புகளைக் கொண்டு, மூலக்கருவியின் ஓர் ஆணிகூட இல்லாமல் முழுக் கைத்துப்பாக்கியையே கோத்துவிடலாம்.

ஆனால் உலோக ஸ்லைட்டு பாரமானது. பாரம் மிகுந்தால் அதனைப் பின்னே தள்ளக் கூடிய வாயு வேண்டும். வன்மையான வாயுவை இட்டால், அதற்கேற்ப வால்வையும் சுருள்வில்லையும் மாற்ற வேண்டும். மகசின் முன்னிலும் விரைவிற் குளிரும். பழைய பிளாஸ்டிக் ஸ்லைட்டை வைத்துக்கொண்டு வாயுவை மட்டும் வலிதாக்கினாலோ, ஸ்லைட்டே வெடித்துப் பிளக்கலாம். ஆதலால், போட்டிகளில் ஈடுபடுவோர் மாறான வழியைத் தேர்ந்து, ஆங்காங்கே துளையிட்டு இலேசாக்கிய அலுமினிய ஸ்லைட்டுகளை நாடுகின்றனர்.

குழாயையும் மாற்றுவதுண்டு. 6 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த உருண்டைக்கு 6.08 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள குழாய் இருக்குமிடத்தில், 6.03 மில்லிமீற்றர்க் குழாயைப் பொருத்துவர். வாயு வீணே கசிவது குறையும். ஆயின் சிறு தூசும் தடையாகும். இனி, கைத்துப்பாக்கியை முழுவதும் உள்ளடக்கித் தோளில் அணைத்துச் சுடும் கருவியாக்கும் கூடுகளும் உள. சிஏஏ என்னும் இசுரேலிய நிறுவனம் மெய்த்துப்பாக்கிகளுக்காக வகுத்த ‘ரோனி’ என்னும் கூட்டின் வடிவம் எயார்சொப்டுக்கும் விற்பனையாகின்றது. குறிபார்க்கும் செம்புள்ளிக் கண்ணாடி, உருண்டையை ஒளிரச் செய்து இருளிற் பறக்கவிடும் குழாய்முனைக் கருவி என்பன பிற துணைக்கருவிகள்.

இவ்வார்வத்தில் நற்பயனும் இல்லாமலில்லை. யப்பானியரான தற்சுயா சாக்காய், தாய்நாட்டில் எயார்சொப்டுகொண்டு பயின்றே, 2004 இல் அமெரிக்காவில் மெய்த்துப்பாக்கியாற் சுடும் ‘ஸ்டீல் சலஞ்சு’ப் போட்டியில் முதலிடம் பெற்றார். குறிதவறாமை, பொறுமை, நுண்பொறி அறிவு ஆகியவற்றை இவ்விளையாட்டு வளர்க்கின்றது என்பதை மறுப்பதற்கில்லை.

சட்டம் இட்ட இரு கோடுகள்

சட்டங்கள் இங்கே இரண்டு கோடுகளை இடுகின்றன: ஒன்று சத்திக்கு; மற்றொன்று தோற்றத்துக்கு. திருத்தி வலிதாக்கப்பட்ட போலித் துப்பாக்கிகளால் ஓடும் வாகனங்களைச் சுட்ட நிகழ்ச்சிகள் 2005 இல் யப்பானை உலுக்கின. அடுத்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டு, உருண்டையின் சத்தி சதுர சென்ரிமீற்றருக்கு 3.5 யூல் என்னும் அளவை எட்டலாகாது என வரையறுக்கப்பட்டது. 6 மில்லிமீற்றர் விட்டத்துக்கு இதனைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 0.99 யூல் வரும். 0.2 கிராம் உருண்டை செக்கனுக்கு 99 மீற்றர் வேகத்தில் செல்வதற்கு இது சமம் என்பதை மாணவர் தாமே சரிபார்க்கலாம். 100 கிராம் நிறையுள்ள சிறு மாங்காய் ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழும்போது பெறும் சத்தியும் ஏறக்குறைய இவ்வளவே. எனினும், அச்சத்தி முழுவதும் ஒரு சிறு புள்ளியில் ஒடுங்கிக் கண்ணைத் தாக்குமாயின் பார்வை பறிபோகும்.

பிரித்தானியாவின் 2006 ஆம் ஆண்டுச் சட்டம் தோற்றத்தையே முதன்மையாக நோக்குகின்றது. மெய்போலத் தோன்றும் போலித் துப்பாக்கியைச் செய்வதும் விற்பதும் மட்டுமன்றி, அவ்வாறு தோன்றும்படி ஒன்றை மாற்றியமைப்பதும் அங்கே குற்றம். எயார்சொப்ட் விளையாட்டுக்கெனச் சில விலக்குகள் மட்டும் உண்டு. அமெரிக்காவில் 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குழாய்முனை செம்மஞ்சள் நிறத்தில் இருத்தல் வேண்டும்.

அச்சிறு நிறத்துண்டின் அருமையை ஒரு துயர நிகழ்ச்சி உணர்த்துகின்றது. 2014 நவம்பரில் கிளீவ்லண்டு நகரப் பூங்காவொன்றில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் எயார்சொப்ட் கைத்துப்பாக்கியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். அதன் செம்மஞ்சள் முனை அகன்றிருந்தது. முறைப்பாடு கேட்டு வந்த பொலிஸ் வாகனம் நின்ற இரண்டு செக்கன்களுக்குள் அவன் சுடப்பட்டான், மறுநாள் இறந்தான். சுட்டவரின் பொறுப்பைப் பற்றிய வழக்காட்டம் நெடுநாள் நடந்தது. அதன் முடிவு எதுவாயினும், போன உயிர் போனதே. கயிற்றைப் பாம்பென மயங்கினால் அஞ்சுபவன் பார்ப்பவன். இங்கோ மயங்கியவன் வேறு, மாண்டவன் வேறு.

ஆகவே மாற்றுறுப்புகளை இருவகையாகப் பகுத்து நோக்குதல் அறிவுடைமை. செயலைச் செம்மையாக்குவன ஒருவகை. தோற்றத்தை மெய்யாக்குவன மற்றொருவகை. முன்னையதில் கற்பதற்கு நிறைய உண்டு. பின்னையதோ, விளையாட்டுப் பொருளுக்குக் காவலாயிருந்த வேறுபாட்டையே விலைகொடுத்து அழிக்கின்றது. வெளிநாட்டிற் படிக்கும் மகனோ மருமகனோ இவ்விளையாட்டை விரும்பின், பெற்றோர் சினத்தல் வேண்டா. மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். அந்நாட்டுச் சட்டம் எவ்வளவு சத்தியை அனுமதிக்கின்றது? கருவியை வீதியில் வெளியே தெரியும்படி கொண்டு செல்கின்றாயா? முகத்தோடு பொருந்தும் காப்புக் கண்ணாடியை வாங்கிவிட்டாயா? துணைக்கருவிகள் எத்தனை இருப்பினும், முதலில் வாங்க வேண்டியது அக்கண்ணாடியே.