உங்களுக்குத் தெரியுமா? புள்ளி மறைந்தாலும் நோய் போகாது!

தொட்டி மீனின் செட்டையில் உப்புத்தூள் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகளா? மீன் கல்லில் உரசுகிறதா? அது 'இக்' எனும் ஒட்டுண்ணி. தோலுக்குள் புதைந்திருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. உதிர்ந்து, அடியில் நூற்றுக்கணக்கில் பெருகி, புது மீனைத் தேடி நீந்தும் வேளையில்தான் மருந்தால் சாகும். 25 பாகை செல்சியஸில் இந்தச் சுற்றுக்கு ஒரு வாரம் போதும். நம் உடுப்பிட்டி வெக்கையில் இன்னும் விரைவு. புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்துவது பெரும் பிழை.

மீனின் வாயோரம் பஞ்சுபோல் படர்வது பெரும்பாலும் பூஞ்சணமல்ல, பற்றீரியா. டோர்ச் வெளிச்சத்தில் மீனின் உடல் பொன்தூளாய் மின்னினால் அது வேறு ஒட்டுண்ணி.

நம் சுண்ணக்கல் கிணற்றுத் தண்ணீர் கப்பி மீனுக்கு நன்றாகவே ஒத்துப்போகும். ஆனால் கிணற்றுக்குக் குளோரின் போட்டவுடன் அள்ளித் தொட்டிக்கு விடாதீர்கள், செவுள் வெந்துவிடும்.