வண்ணம் தெரிந்தால் எல்லாம் ரத்தமா?

“மூச்சை நல்லா இழுத்துப் பிடிச்சுக்குங்க… பேசாதீங்க… ம், இப்ப விடலாம்.”

வயிற்றுக்கு டாப்ளர் ஸ்கேன் எடுத்தவர்களுக்கு இது பழக்கமான வார்த்தை. ஏதோ வழக்கத்துக்குச் சொல்வதாகத் தோன்றும். ஆனால், அந்தச் சில விநாடிகளில் நீங்கள் அசையாமல் இருப்பதும் பரிசோதனையின் ஒரு பகுதிதான்.

சிவப்பும் நீலமும்

திரையில் சிவப்பையும் நீலத்தையும் பார்த்து ‘நல்ல ரத்தம், கெட்ட ரத்தம்’ என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியல்ல. பொதுவாக, உடல்மீது வைக்கும் கருவியை நோக்கி வரும் ஓட்டம் சிவப்பு, விலகிச் செல்வது நீலம். கருவியைச் சாய்த்துப் பிடித்தால் அதே ரத்தக்குழாயின் நிறம் மாறிவிடலாம்.

இதன் அடிப்படையை 1842இல் சொன்னவர் கிறிஸ்டியான் டாப்ளர். ஆம்புலன்ஸ் நெருங்கும்போது சைரன் கூர்மையாகவும், கடந்து போனதும் தணிந்தும் கேட்கிறதே, அதே விதிதான். ஸ்கேன் இயந்திரம் அடுத்தடுத்து ஒலித்துடிப்புகளை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலிகளை ஒப்பிடுகிறது. மாற்றம் இருந்தால், அங்கே எதுவோ நகர்கிறது என்று வண்ணம் பூசுகிறது. நகர்வது ரத்தமா, சதையா என்பது அதற்கு நேரடியாகத் தெரியாது.

பளிச்சென்று தோன்றும் பிழை

மூச்சு விட்டால் கல்லீரல் நகரும். இதயம் துடிக்கும்போது கல்லீரலின் இடப்பக்கமும் சேர்ந்து அசையும். குடல் நெளியும், கருவிலிருக்கும் குழந்தை உதைக்கும். ரத்த அணுக்களின் எதிரொலியைவிடச் சதையின் எதிரொலி பல மடங்கு வலுவானது. அதனால் சிறு அசைவுகூடத் திரையில் திட்டுத்திட்டாக வண்ணத்தை அள்ளித் தெளித்துவிடும். இதற்கு ‘ஃபிளாஷ்’ பிழை என்று பெயர்.

மெதுவான அசைவுகளை நீக்க இயந்திரத்தில் வடிகட்டி உண்டு. அதை அதிகமாகக் கூட்டினால், மெதுவாக ஓடும் உண்மையான ரத்தமும் மறைந்துபோகும். கூட்டினாலும் சிக்கல், குறைத்தாலும் சிக்கல்.

தவறினால் என்ன ஆகும்?

வெறும் நீர்க்கட்டிக்குள் வண்ணம் தெரிந்தால், ரத்த ஓட்டமுள்ள கட்டியோ என்ற சந்தேகம் எழலாம். இதைவிட ஆபத்தானது, ஓட்டம் இல்லாத இடத்தில் இருப்பதுபோல் தெரிவது. சிறுவர்களுக்குத் திடீரென விரை முறுக்கிக்கொண்டு ரத்தம் தடைபடுவதுண்டு. சுமார் 6 மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் அதைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். வலியில் பையன் அழுது புரளும்போது, அந்த அசைவே திரையில் ரத்த ஓட்டம்போல் தெரியக்கூடும்.

அனுபவமுள்ளவர்கள் ஒரு வண்ணத்தை மட்டும் நம்புவதில்லை. உண்மையான ஓட்டம் குழாயின் எல்லைக்குள் நிற்கிறதா, தமனியானால் நாடித்துடிப்போடு திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்ப்பார்கள். ஓட்டத்தை அலைக்கோடாகவும் பதிவு செய்வார்கள். மறுபக்க உறுப்போடு ஒப்பிடுவார்கள்.

நாம் செய்யக்கூடியவை

• வயிற்று ஸ்கேனுக்குச் சாப்பிடாமல் வரச் சொன்னால் அப்படியே வாருங்கள். குடலில் காற்று குறைந்தால் படம் தெளியும்.

• மூச்சடக்க முடியாவிட்டால், இருமல் இருந்தால், முன்கூட்டியே சொல்லுங்கள். அசைவு குறைந்த நேரம் பார்த்து எடுப்பார்கள்.

• குழந்தையோடு வந்தால், பிடித்த பொம்மையோ கைப்பேசியில் ஒரு கார்ட்டூனோ தயாராக இருக்கட்டும். பெற்றோர் பக்கத்தில் இருந்தாலே பாதி அழுகை அடங்கும்.

• திரையில் தெரியும் நிறத்தை வைத்து நீங்களே முடிவுக்கு வராதீர்கள். சந்தேகம் இருந்தால், “இது ரத்த ஓட்டமா, அசைவா?” என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மகனுக்குத் திடீரென அந்த இடத்தில் கடும் வலி என்றால், காலையில் கிளினிக் போய்க்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.