எண்ணம் எழுத்தாகும் வழி

தில்லி கரோல் பாக் கடைவீதியில் நூறு குரல்கள் ஒலிக்கின்றன. அவற்றினிடையே எங்கிருந்தோ ஒரு தமிழ்ச்சொல் காதில் விழுகிறது. உள்ளம் துணுக்குறுகிறது; தலை தானே திரும்புகிறது. வெளிமாநிலங்களில் வாழும் நேயர்கள் இதனை நன்கு அறிவர். மூளையில் எழும் இந்தத் துணுக்கத்தைக் கொண்டே, கையும் நாவும் அசையாத ஒருவர் கணிப்பொறியில் எழுத இயலும்.

மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து, 1929-இல் உலகிற்கு அறிவித்தவர் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். அவ்வலைகளைக் கணிப்பொறியுடன் இணைக்கலாமா என்று 1973-இல் கலிபோர்னியாவில் ழாக் விடால் ஆராய்ந்தார். 1988-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபார்வெல், டான்சின் இருவரும் எழுதும் முறை ஒன்றை வெளியிட்டனர்.

திரையில் ஆறு வரிசை, ஆறு நிரல்; ஆக 36 கட்டங்கள். வரிசைகளும் நிரல்களும் மாறி மாறி மின்னும். எழுதுபவர் தாம் வேண்டும் எழுத்தின் மீதே கருத்தை நிறுத்தியிருப்பார். அது மின்னியதும், ஏறக்குறைய ஒரு விநாடியின் பத்தில் மூன்று பங்கு நேரம் கழித்து, மூளையில் ஓர் அலை எழும்பும். தலைமேல் பொருத்திய சிறு தகடுகள் அதனை உணரும். அலையை எழுப்பிய வரிசையும் நிரலும் கூடுமிடத்தில் உள்ளதே அவர் கருதிய எழுத்து. மனத்தைப் படிக்கும் இயந்திரம் என்று இதனைச் சொல்வது மிகை. அது அறிவது அந்தத் துணுக்கம் ஒன்றையே.

நம் எழுத்துகள் 247 ஆயிற்றே என்று மலைக்க வேண்டுவதில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. 36 கட்டங்களில் இடம் மிஞ்சும். க், ஆ இரண்டையும் தேர்ந்தால் ‘கா’ பிறந்துவிடும்!

இடர்ப்பாடு வேகத்தில்தான். தலையோட்டைக் கடந்து வரும் அலை மிக மெலிந்தது; மற்ற அலைகளின் இரைச்சலில் மறைந்துபோகும். ஆகவே ஒவ்வோர் எழுத்திற்கும் பன்முறை மின்னச் செய்ய வேண்டும். அம்முதற் கருவியில் நிமிடத்திற்கு இரண்டு எழுத்துகளுக்குச் சற்று மேலாகவே எழுத முடிந்தது. அவ்வேகத்தில் ‘தண்ணீர்’ என்று கேட்க, உயிரும் மெய்யுமாக ஆறு எழுத்துகளைத் தேர ஏறக்குறைய மூன்று நிமிடம் ஆகும். விரலுள்ளவருக்கு இது வீண்வேலை; தாகமெடுத்தும் கேட்க இயலாதவருக்கோ மூன்று நிமிடம் நெடிதன்று.

மூளைக்குள்ளேயே நுண்கம்பிகளைப் பதித்தால் வேகம் பெருகும். கழுத்துக்குக் கீழே செயலிழந்த ஒருவர் அதற்கு உடன்பட்டார். பேனா பிடித்து எழுதுவதாக அவர் மனத்தால் முயன்றபோது, நிமிடத்திற்கு 90 எழுத்துகள் திரையில் தோன்றின என்று 2021-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அறிவித்தனர்.